ரெசிபில இருக்கற மால்ட் கெடைக்கலன்னா என்ன பண்ணலாம்? ஆறு வழி, ஒவ்வொண்ணோட லாப நஷ்டம்

ஒரு பீர் ரெசிபி புடிச்சுப்போய் சாமான் லிஸ்ட் போட்டு வாங்க உக்காந்தா பேஸ் மால்ட் (பீர்ல பெரும்பங்கா போடற, முளைகட்டி காயவெச்ச பார்லி) கெடைச்சிடும், ஹாப்ஸ் கெடைச்சிடும், ஈஸ்ட்டும் கெடைச்சிடும், ஆனா 250 கிராம் ஸ்பெஷல் பி, 150 கிராம் கராஃபா ஸ்பெஷல்னு ஏதாவது ஒன்னு மட்டும் எங்க தேடினாலும் ஸ்டாக் இருக்காது. உடனே நம்மள்ல முக்காவாசி பேர் பண்றது என்னன்னா அந்த மால்ட்டோட கலர் நம்பர பாத்து, அதே நம்பர்ல வேற எது இருக்குன்னு தேடி அத போட்டுடறது. அங்கதான் சிக்கலே.

ஏன்னு கேட்டா, 25லேர்ந்து 30 லோவிபாண்ட் (மால்ட் கலர அளக்கற அலகு) வரைக்கும் இருக்கற மால்ட்ட மட்டும் எடுத்துக்கங்க. விக்டரி அதுல வரும், ஹனி மால்ட் வரும், மெலனாய்டின் வரும், கிரிஸ்டல் 30ம் வரும். நாலும் கிட்டத்தட்ட ஒரே கலர்தான். ஆனா விக்டரி டோஸ்ட் பண்ண பிரட் ஓரம் மாதிரி காஞ்ச ருசி, ஹனி மால்ட் நாக்குல ஒட்டற இனிப்பு, மெலனாய்டின் அழுத்தமான மால்ட் வாசனை, கிரிஸ்டல் 30 லேசான கேரமல். ஒன்ன எடுத்துட்டு இன்னொன்ன போட்டா கிளாஸ்ல பாக்க வித்தியாசம் தெரியாது, வாயில வெச்சா அது வேற பீர்.

அதனால மாத்தறதுக்கு முன்னாடி எதெல்லாம் பாக்கணும்னு மொதல்ல சொல்லிடறேன், அப்பறம் ஒவ்வொரு வழியா பாப்போம்.

## எத வெச்சு முடிவு பண்றது

அந்த மால்ட் எப்படி செஞ்சது. என்ன கேட்டா இதுதான் எல்லாத்தவிட முக்கியம், கலரெல்லாம் இதுக்கு அப்பறம்தான். பெரிசா மூணு குடும்பம். ஈரமா இருக்கறப்பவே உமிக்குள்ள ஸ்டார்ச் சக்கரையா மாறற மாதிரி வேகவெச்சு அப்பறம் வறுத்தது ஒன்னு: கிரிஸ்டல், கேரமல், காராமியூனிக், ஸ்பெஷல் பி எல்லாம் இதுல வரும். அப்படி வேகவெக்காம சூட்டுல காயவெச்சோ டோஸ்ட் பண்ணியோ எடுத்தது ரெண்டாவது: மியூனிக், அரோமேட்டிக், மெலனாய்டின், பிஸ்கட், விக்டரி, ஆம்பர், பிரவுன். கருக வறுத்தது மூணாவது: சாக்லேட், பிளாக், கராஃபா. குடும்பத்துக்குள்ள மாத்தினா பெரும்பாலும் தப்பிச்சிடலாம், குடும்பம் விட்டு குடும்பம் மாத்தினா பெரும்பாலும் மாட்டிப்பீங்க.

கைல இருக்கறது எந்த குடும்பம்னு சந்தேகம் வந்தா ஒரு மணிய குறுக்கால வெட்டி பாருங்க. கிரிஸ்டலா இருந்தா உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு இறுகி இருக்கும், கடிச்சா நொறுங்கி அப்படியே இனிக்கும். பிஸ்கட், ஆம்பர் மாதிரி மால்ட்டா இருந்தா உள்ள மாவு மாவா இருக்கும், அந்த மாவுதான் மாறாத ஸ்டார்ச்.

அங்க அது என்ன வேலை செய்யுது. கலருக்கா, ருசிக்கா, பீரோட உடம்புக்கா (வாயில தெரியற கனம்), நுரைக்கா, மாஷோட (அரைச்ச மால்ட்ட சுடுதண்ணில ஊறவெச்சு ஸ்டார்ச்ச சக்கரையாக்கற கலவை) பிஎச் இறக்கவா? ஷ்வார்ஸ்பியர்ங்கற ஜெர்மன் கருப்பு பீர்ல போடற கராஃபா ஸ்பெஷல் பெரும்பாலும் கலருக்கு. அதே மால்ட் ஒரு ஸ்டவுட்ல இருந்தா ருசியும் சேந்து வரும். மால்ட் ஒன்னுதான், ஆனா ரெண்டு எடத்துலயும் மாத்து வேற.

மொத்த தானியத்துல எத்தன சதவீதம். 3% இருக்கற மால்ட்டுக்கு மண்டைய ஒடைச்சுக்க வேண்டாம், 30% இருக்கறதுக்கு கண்டிப்பா ஒடைச்சுக்கணும்.

மாஷ் வேணுமா வேண்டாமா. மால்ட் எக்ஸ்ட்ராக்ட்ல (ரெடிமேடா விக்கற கெட்டி மால்ட் சாறு) காய்ச்சறவங்க இதுலதான் நெறைய பேர் மாட்டறாங்க, கீழ தனியா சொல்றேன்.

கண்ணுக்கு தெரியாத செலவு. நேரம், மிச்சமாகி பழசாகற மூட்டை, அடுத்த தடவை இதே பீர் வருமாங்கறது.

கலர் கணக்கும் வேணும்தான், இல்லன்னு சொல்லல. எடையயும் லோவிபாண்டயும் பெருக்கி வர நம்பர் ரெண்டு பக்கமும் ஒன்னா இருந்தா பீரோட கலர் ஏறக்குறைய ஒன்னா வரும், அவ்ளோதான் கணக்கு. ஆனா ஒரு குழி இருக்கு. ஐரோப்பா கம்பெனிங்க கலர இபிசி அலகுல போடுவாங்க, அமெரிக்காகாரங்க லோவிபாண்ட் போடுவாங்க, நம்ம ஆளுங்க ரெண்டால பெருக்கினா போதும்னு நெனச்சுக்கறாங்க. ரெண்டு மடங்குங்கறது எஸ்ஆர்எம்ல (பீரோட கலர அளக்கற அமெரிக்க அலகு) இருந்து இபிசிக்கு மாத்தறதுக்கு. லோவிபாண்ட்ல இருந்து மாத்தறப்ப கிட்டத்தட்ட 2.65 மடங்கு வரும். லைட் மால்ட்ல இது பெரிசா தெரியாது, ஆனா 120 லோவிபாண்ட் கிரிஸ்டல்ங்கறது சுமார் 317 இபிசி, ரெண்டால பெருக்கி 240 இபிசி மால்ட் வாங்கிட்டு வந்தீங்கன்னா உங்க கைல இருக்கறது 90 சொச்சம் லோவிபாண்ட்தான். ரெசிபில இருந்த உலர் திராட்சை ருசி எங்க போச்சுன்னு அப்பறம் ஈஸ்ட்ட திட்டிட்டு இருப்பீங்க.

## வழி 1: அதே வகை, வேற கம்பெனி

மொதல்ல தேடவேண்டியது இததான். நெறைய மால்ட் பேரு ஒரு கம்பெனி வெச்ச வியாபாரப் பேரு, உள்ள இருக்கற சரக்க வேற பேர்ல இன்னொரு கம்பெனி வித்துட்டு இருக்கும். விக்டரி பிரீஸ் கம்பெனியோடது, அதுக்கு பெல்ஜியம் பிஸ்கட் மால்ட் தாராளமா போடலாம், அளவ மாத்தவே வேண்டாம். மெலனாய்டினுக்கு பெல்ஜியத்தோட அரோமேட்டிக், கொஞ்சம் மென்மையா இருக்கும். ஸ்பெஷல் பிக்கு வையர்மன் கம்பெனியோட காராஅரோமா, இல்ல இங்கிலீஷ் எக்ஸ்ட்ரா டார்க் கிரிஸ்டல். இந்த ரெண்டுலயும் பிளம், உலர் திராட்சை பக்கம் போற ருசி இருக்கு, சாதா கிரிஸ்டல்ல அது வராது.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா பேரு ஏமாத்தும். ஆம்பர்னு ரெசிபி சொன்னா அது இங்கிலீஷ் ஆம்பர், காஞ்ச, கொஞ்சம் கசப்பு தட்டற டோஸ்ட். காராஆம்பர்னு ஒன்னு விக்குது, அது கேரமல் பக்கம் சாயறது. அதே மாதிரி கராஃபா வேற, கராஃபா ஸ்பெஷல் வேற. ஸ்பெஷல்ல உமிய நீக்கிட்டுதான் வறுக்கறாங்க, சாதா கராஃபால உமியோட கசப்பும் துவர்ப்பும் கூடவே வரும். பாக்கெட்ல ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

எப்ப இது சரி: கிட்டத்தட்ட எப்பவுமே. கெடைச்சா இதோட நிறுத்திக்கங்க, கீழ இருக்கறதெல்லாம் இது அமையாதவங்களுக்கு.

## வழி 2: ரெண்டு மால்ட்ட கலந்து ஒன்னாக்கறது

கிரிஸ்டல் 60 இல்ல, 40ம் 80ம் இருக்குன்னா பாதிக்குப் பாதி போடுங்க, யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. சொல்லப்போனா ருசி கொஞ்சம் அடுக்கடுக்காகூட வரும்.

ஆனா தூரமா இருக்கற ரெண்ட கலந்து நடுவுல இருக்கறத செய்யப்போனா வராது. கிரிஸ்டல் 10யும் 120யும் கலந்து கலர்ல 60 கொண்டு வந்துடலாம், 60ல இருக்கற அந்த நடுத்தர டாஃபி ருசி வராது. ஒரு பக்கம் வெறும் இனிப்பு, இன்னொரு பக்கம் கருகின சக்கரை, நடுவுல காலி.

ஸ்பெஷல் பி கணக்க ஒன்னு போட்டு காட்டறேன். 20 லிட்டர் டப்பெலுக்கு (பெல்ஜியத்தோட கருஞ்சிவப்பு ஏல்) 250 கிராம் ஸ்பெஷல் பி, வாங்க இருந்தது 145 லோவிபாண்ட்னு வெச்சுக்குவோம். 250 பெருக்கல் 145, மொத்தம் 36,250. இதுக்கு பதிலா கிரிஸ்டல் 120ல 230 கிராம் போட்டா 27,600 வருது, மிச்சத்துக்கு 350 லோவிபாண்ட் சாக்லேட் மால்ட் 25 கிராம், அது 8,750. கூட்டினா 36,350, கலர் சரியா வந்துடுச்சு. ருசில கேரமல் இருக்கும், கொஞ்சம் ரோஸ்ட் இருக்கும், திராட்சை கொறையும். சாக்லேட்ட 25 கிராமுக்கு மேல ஏத்தி திராட்சைய வரவெக்க பாக்காதீங்க, டப்பெல், போர்ட்டர்ங்கற ரோஸ்ட் ருசி கருப்பு பீர் பக்கம் நகர்ந்துடும். அந்த பழ ருசி நெஜமாவே வேணும்னா டார்க் கேண்டி சிரப் கொஞ்சம் சேத்துக்கலாம். பெல்ஜியத்துல நெறைய டப்பெலுக்கு கருப்பும் பழ ருசியும் பாதி அந்த சக்கரைலேர்ந்துதான் வருது, அதனால இது குறுக்குவழின்னுகூட சொல்ல முடியாது.

மெலனாய்டினுக்கும் கலவை வேல செய்யும். 5% மெலனாய்டின் எடுத்துட்டு பேஸ் மால்ட்ல ஒரு 15% டார்க் மியூனிக்கா மாத்துங்க, 10 லோவிபாண்ட் பக்கம் இருக்கறது. மெலனாய்டினோட சண்டித்தனம் கொறைஞ்சு மால்ட் ருசி உருண்டையா வரும். எனக்கு மூலத்தவிட இந்த மாத்துதான் புடிக்கும், அது என் நாக்கு.

மறைஞ்சிருக்கற செலவு: ஒரு பாக்கெட் தேடினவர் ரெண்டு பாக்கெட் வாங்கறார், ரெண்டுலயும் மிச்சம். எப்ப சரி: கிரிஸ்டல் குடும்பத்துக்குள்ள, பக்கத்து பக்கத்து நம்பருக்கு.

## வழி 3: அவன்ல (oven) நாமளே வறுக்கறது

பிஸ்கட், விக்டரி, ஆம்பர் மூணுக்கும் இது நெஜமாவே நல்ல வழி. உடைக்காத பேல் மால்ட்ட (வெளிர் பேஸ் மால்ட்) தட்டுல ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல போகாம பரப்பி 175 டிகிரி செல்சியஸ்ல வெச்சா 15 நிமிஷத்துல கொட்டை வாசனை வரும், அரை மணி நேரத்துல டோஸ்ட், ஒரு மணி நேரத்துல ரோஸ்ட் பக்கம் போயிடும். அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கிளறணும், இல்லன்னா ஓரத்துல இருக்கறது கருப்பாவும் நடுவுல இருக்கறது வெள்ளையாவும் நிக்கும். வெளி உமிய பாத்து முடிவு பண்ணாதீங்க, உமி கலர் மாற லேட்டாகும். ரெண்டு மணி எடுத்து வெட்டி உள் மாவு என்ன கலர்னு பாருங்க. வெளிர் மஞ்சள் தாண்டி லேசான பழுப்பு வந்தா பிஸ்கட்டுக்கு போதும், அத தாண்டி நல்ல பழுப்பா ஆனா ஆம்பர். அவன்லேர்ந்து எடுத்ததுக்கு அப்பறமும் தட்டோட சூட்டுல வறுபட்டுட்டே இருக்கும், அதனால ஆசைப்பட்ட கலருக்கு கொஞ்சம் முன்னாடியே எடுத்து வேற தட்டுல கொட்டி ஆறவிடுங்க.

இனி செலவுக்கு வருவோம். வறுத்த அன்னைக்கே போடக்கூடாது. பேப்பர் பையில ஒரு வாரம் ரெண்டு வாரம் வெச்சாதான் அந்த கடுமையான வாசனை போகும், அப்படியே போட்டா பீர் முரடா இருக்கும். அப்பறம், அடுத்த தடவை அதே மாதிரி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, ஏன்னா அவனோட டயல்ல இருக்கற நம்பரும் உள்ள இருக்கற சூடும் ஒன்னு கெடையாது.

கிரிஸ்டலும் வீட்ல செய்யலாம், பேல் மால்ட்ட நல்லா ஊறவெச்சு, 65 முதல் 70 டிகிரில ஒன்றரை ரெண்டு மணி நேரம் மூடி வெச்சு உள்ளயே சக்கரையாக்கி, அப்பறம் சூட்ட ஏத்தி காயவெக்கணும். நடக்கும். ஆனா அரை கிலோவுக்கு ஒரு முழு நாள் போகும், எங்க பாத்தாலும் கெடைக்கற கிரிஸ்டலுக்கு அது தேவையான்னு நீங்களே யோசிச்சுக்கங்க. சாக்லேட்டும் பிளாக்கும் வீட்ல வேண்டவே வேண்டாம். 200 டிகிரிக்கு மேல போகணும், வீடு முழுக்க புகை, ஒரு நிமிஷம் அசந்தா தீயே புடிக்கும்.

பிரவுன் மால்ட் ரெண்டுக்கும் நடுவுல. சொல்லப்போனா போர்ட்டரோட கதையே ஒரு மால்ட் மாத்தின கதைதான். ஒரு காலத்துல லண்டன் போர்ட்டர முழுக்க பிரவுன் மால்ட்லயே காய்ச்சினாங்க, அப்பறம் ஹைட்ரோமீட்டர் வந்து அளந்து பாத்தா பேல் மால்ட்லேர்ந்துதான் அதிக சக்கரை வருது, பிரவுன் காசுக்கு நஷ்டம்னு தெரிஞ்சுபோச்சு. 1817ல டேனியல் வீலர் உருளைல மால்ட் வறுக்கற பேட்டன்ட் வாங்கினதும் பேல் மால்ட்டோட துளி பிளாக் சேத்து கலர கொண்டுவந்துட்டாங்க. அதனால ஒங்க போர்ட்டர்ல பிரவுன் இல்லாம சாக்லேட்டும் கொஞ்சம் வறுத்த ஆம்பரும் போட்டா யாராவது அசல் இல்லன்னு சண்டைக்கு வந்தா கண்டுக்காதீங்க.

## வழி 4: மால்ட்டே இல்லாத மாத்து

வேல ஒன்னே ஒன்னா இருக்கற மால்ட்டுக்கு இது ரொம்ப நல்லா பொருந்தும். அசிடுலேட்டட் மால்ட்ட எடுத்துக்கங்க, அதோட வேலையே மாஷ் பிஎச்ச இறக்கறதுதான், தானியத்துல 1% போட்டா சுமார் 0.1 இறங்கும். அதுல இருக்கறது எடைல 1லேர்ந்து 2% லாக்டிக் ஆசிட். 88% லாக்டிக் ஆசிட்ல 1 மில்லின்னா ஏறக்குறைய 1 கிராம் ஆசிட், அதனால 100 கிராம் அசிடுலேட்டட் மால்ட்டுக்கு 1 முதல் 2 மில்லி. கொறைச்சலா ஆரம்பிச்சு பிஎச் அளந்து ஏத்துங்க. இந்த ஒரு விஷயத்துல மூலத்தவிட மாத்துதான் ஒசத்தின்னு சொல்லுவேன். ஏன்னா ரெசிபி எழுதினவரோட தண்ணி வேற, ஒங்க தண்ணி வேற, அவர் போட்ட 3% ஒங்களுக்கு சரியா வரணும்னு ஒன்னும் இல்ல.

டெக்ஸ்ட்ரின் மால்ட் (பீருக்கு கனம் தர்றது) இல்லன்னா மாஷ் சூட்ட 66லேர்ந்து 68க்கு ஏத்துங்க, இல்ல கொதிக்கறப்ப கொஞ்சம் மால்டோடெக்ஸ்ட்ரின் போடுங்க. நுரைக்காக இருந்தா ஃப்ளேக்டு பார்லி. கலருக்கு மட்டும் போட்ட கராஃபா ஸ்பெஷலுக்கு சினமார்னு ஒரு கருப்பு மால்ட் திரவம் இருக்கு, அதே கராஃபாலேர்ந்து எடுக்கறதுதான், சில மில்லில கலர் வந்துடும். அதுவும் இல்லன்னா இருக்கற பிளாக் மால்ட்ட அரைச்சு பச்சத்தண்ணில ராத்திரி முழுக்க ஊறவெச்சு வடிகட்டி, கொதியோட கடைசில ஊத்துங்க. கசப்பு கம்மியா இறங்கும், கலரும் கம்மியாதான் இறங்கும், அதனால அளவ கூட்டணும்.

இங்க ஒரு தப்பு நெறைய பாக்கறேன். ஹனி மால்ட் இல்லன்னு தேன ஊத்தறாங்க. தேன்ல இருக்கற சக்கரைய ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுசா தின்னுடும், பீர் இன்னும் காஞ்சு மெலிஞ்சுதான் போகும். ஹனி மால்ட்டோட வேலையே இனிப்ப மிச்சம் வெக்கறது, அதாவது நேர் எதிர். அதுக்கு கிரிஸ்டல் 20ம் அரோமேட்டிக்கும் பாதிக்குப் பாதி போட்டா பக்கத்துல வரும். பக்கத்துலதான்.

புகை மால்ட்டும் இப்படித்தான். ஜெர்மனில பாம்பெர்க் பக்கத்து ராவ்க்மால்ட் பீச் (beech, பழமரம் இல்ல) மரப்புகை போட்டது, பேக்கன் மாதிரி வாசனை, ஒரு ரெசிபில 50% 100%கூட போடலாம். பீட் மால்ட், பீட்ங்கற (peat) சதுப்பு மண்ண எரிச்ச புகை போட்டது, விஸ்கிக்கு போறது, மருந்து வாசனை, 5% தாண்டினாலே குடிக்க தெம்பு வேணும். ரெண்டும் புகைதானேன்னு கிலோவுக்கு கிலோ மாத்தினா மொத்த பேட்ச்சும் போச்சு. கிரில் இருந்தா பேல் மால்ட்ல லேசா தண்ணி தெளிச்சு பழமரப் புகைல சூடு ஏறாம ஒரு மணி நேரம் காட்டுங்க, ஸ்டார்ச்ச சக்கரையாக்கற என்சைம் சாகாம இருக்கணும்.

## வழி 5: விட்டுடறது

யாரும் சொல்லாத வழி, பல நேரத்துல சரியான வழி. ரெசிபில எட்டு மால்ட் இருந்தா அதுல பாதி ரெசிபி எழுதினவரோட டப்பால மிச்சம் கெடந்ததுன்னு நான் சந்தேகப்படுவேன். 2, 3% இருக்கறத தூக்கிட்டு அந்த எடைய பேஸ் மால்ட்ல சேத்துடுங்க. ஹாப்ஸ் தூக்கலா இருக்கற பீர்ல வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனா கருப்பு மால்ட்டுக்கு இந்த சலுகை கெடையாது, 2% பிளாக் எடுத்துட்டா கலரே மாறிடும்.

## வழி 6: ஆர்டர் போட்டு காத்திருக்கறது

200 கிராம் மால்ட்டுக்கு மால்ட்டவிட ஷிப்பிங் அதிகமா போகும், அதனால மொத்தமா வாங்குவோம்னு அஞ்சு கிலோ வாங்கி, அது பாதி பழசாகற வரைக்கும் எல்லா பீர்லயும் ஸ்பெஷல் பி போட்டுட்டு திரியறது. வாங்கினா உடைக்காத மணியா வாங்குங்க, காத்து ஈரம் போகாத டப்பால மாசக்கணக்கா தாங்கும், அரைச்சது தாங்காது. கிரிஸ்டல் ஈரத்த சீக்கிரம் இழுக்கும், கடிச்சா மொறுமொறுன்னு இல்லாம சவசவன்னு இருந்தா போச்சுன்னு அர்த்தம்.

எப்ப சரி: அந்த மால்ட்தான் பீரே அப்படின்னா. ராவ்க்பியருக்கு ராவ்க்மால்ட், 15% கோல்டன் நேக்கட் ஓட்ஸ் இருக்கற ஒரு ஓட்மீல் ஏல். இதுக்கெல்லாம் மாத்து தேடறத விட அந்த வாரம் வேற பீர் காய்ச்சிடலாம்.

## சட்டுனு பாக்க ஒரு டேபிள்

| இல்லாத மால்ட் | மொத சாய்ஸ் | அதுவும் இல்லன்னா | கவனம் |
|---|---|---|---|
| ஸ்பெஷல் பி | காராஅரோமா, எக்ஸ்ட்ரா டார்க் கிரிஸ்டல் | கிரிஸ்டல் 120 + துளி சாக்லேட் | திராட்சை ருசி கொறையும் |
| விக்டரி | பிஸ்கட், அதே அளவு | அவன்ல வறுத்த பேல் | வறுத்தா ஒரு வாரமாவது ஆறணும் |
| மெலனாய்டின் | அரோமேட்டிக், அதே அளவு | டார்க் மியூனிக் மூணு மடங்கு, பேஸ்லேர்ந்து கழிச்சு | காராஆம்பர் கலர் ஒன்னு, ருசி வேற |
| கராஃபா ஸ்பெஷல் 2, 150 கிராம் | பிளாக்பிரின்ஸ் (உமி இல்லாத கருப்பு பார்லி மால்ட்) 125 முதல் 130 கிராம் | மிட்நைட் வீட் (கருப்பு கோதுமை மால்ட்) 115 கிராம், இல்ல ஊறவெச்ச பிளாக் | சாதா கராஃபா உமியோட வரும் |
| ஹனி மால்ட் | கிரிஸ்டல் 20 + அரோமேட்டிக் | விட்டுடலாம் | தேன் வேண்டாம் |
| அசிடுலேட்டட் | லாக்டிக் ஆசிட் | பாஸ்பாரிக் ஆசிட் | பிஎச் அளக்காம ஊத்தாதீங்க |
| டெக்ஸ்ட்ரின் மால்ட் | மாஷ் சூடு 2 டிகிரி கூட | மால்டோடெக்ஸ்ட்ரின் | ஃப்ளேக்டு பார்லின்னா மாஷ் வேணும் |
| ராவ்க்மால்ட் | வேற மரப்புகை பார்லி மால்ட் | வீட்ல புகை போட்ட பேல் | பீட் மால்ட் மாத்து இல்ல |

## எக்ஸ்ட்ராக்ட்ல காய்ச்சறவங்களுக்கு

கிரிஸ்டலும் கருப்பு மால்ட்டும் சுடுதண்ணில ஊறவெச்சாலே போதும், சக்கரையும் கலரும் இறங்கிடும். பிஸ்கட், ஆம்பர், பிரவுன், மெலனாய்டின், ஃப்ளேக்டு தானியம் இதெல்லாம் அப்படி இல்ல, உள்ள ஸ்டார்ச் இருக்கு, அத ஒடைக்க என்சைம் வேணும். ஒரு கிரிஸ்டலுக்கு பதிலா பிஸ்கட் போட்டு சும்மா ஊறவெச்சீங்கன்னா ஸ்டார்ச் அப்படியே வோர்ட்ல (ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி இருக்கற மால்ட் தண்ணி) போயி பீர் கலங்கலா நிக்கும். அதே எடைக்கு பேல் மால்ட் சேத்து 67 டிகிரில ஒரு மணி நேரம் வெச்சா சரியாயிடும், அதுக்கு ஒரு பையும் தெர்மாமீட்டரும் போதும்.

எந்த வழில போனாலும் காய்ச்சறதுக்கு முன்னாடி மாத்து மால்ட்ட 50 கிராம் அரைச்சு, 250 மில்லி 70 டிகிரி தண்ணில அரை மணி நேரம் ஊறவெச்சு வடிகட்டி குடிச்சு பாருங்க. அதுல துவர்ப்பு தூக்கலா தெரிஞ்சா பீர்லயும் தெரியும், அளவ முக்காவாசியா கொறைச்சிடுங்க. கம்மியா போயிட்டா பிரச்சனையே இல்ல, கிரிஸ்டலோ கருப்பு மால்ட்டோ எதுவா இருந்தாலும் கொஞ்சம் ஊறவெச்சு வடிகட்டி, பத்து நிமிஷம் கொதிக்கவெச்சு ஆறவெச்சு ஃபெர்மென்டர்லயே ஊத்திக்கலாம். கூட போயிட்டாதான் எடுக்க வழியில்ல.